எந்த வெள்ளிக்கிழமையும் விலகி நிற்காத பெண்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குக் கீழே ஒரு வரி வராது. மூடி வைத்துவிடுவேன். ஒரு பெண்பிள்ளையின் உடம்பைப் பற்றிய விஷயம். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஒரு சொல் முன்னே பின்னே விழுந்தால் அவள் பேருக்கு ஆகாது என்ற பயம்தான். போன ஆடியில் அவளே என் வீட்டுக்கு வந்திருந்தாள். "எழுதுங்கக்கா. என் பேர மட்டும் மாத்திக்கோங்க. ஆனா கூட்டி எழுதாதீங்க, கொறச்சும் எழுதாதீங்க" என்றாள். அம்மன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன். அவள் பெயர் இதில் மஞ்சுளா என்று இருக்கட்டும்.

ஓசூர் தொழிற்பேட்டையில் பெண்கள் விடுதிகளுக்குப் புதிதாக வார்டன் வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிகளே, இது உங்களுக்காக. கேட் பூட்டுகிற நேரம், தண்ணீர் லாரி, ஷிப்ட் பஸ் இதையெல்லாம் ஆபீசில் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப் போவதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

நான் சேர்ந்த அன்று, எனக்கு முன்னால் அங்கே வார்டனாக இருந்த அம்மா சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "இந்தக் கொத்துல இல்லாத சாவி ஒண்ணு இருக்கு, அது சந்தேகம். யாரையும் நம்பாத. அழுதா நம்பாத. சிரிச்சா அதவிட நம்பாத" என்றார். நானும் அப்படியே இருந்தேன். மாமா என்று சொல்லிக்கொண்டு பார்க்க வருகிற ஆண்கள்மேல் சந்தேகம், தலைவலி என்று ஷிப்டுக்குப் போகாமல் படுக்கிற பெண்கள்மேல் சந்தேகம், காய்கறி நிறுத்துப் போடுகிறவர்மேல் சந்தேகம். வீட்டில் என் வீட்டுக்காரர், "சாமிக்கு கற்பூரம் காட்டும்போதுகூட சாமி கண்ண மூடிருக்கானு பாப்ப போல" என்று கேலி செய்வார்.

மஞ்சுளாவுக்குச் சொந்த ஊர் கல்லாவி. அப்பா அம்மா இருவரும் கூலி வேலை. செல்போனுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்து எங்கள் விடுதிக்கு வந்தாள். வந்த புதிதில் நல்ல தாட்டியான பெண், வாய் ஓயாது. சீருடை கொடுக்கும் நாளில் ஸ்டோர்க்காரர் விடுதி ஹாலில் மூட்டையைப் பிரித்து, அளவைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். "டபுள் எக்ஸெல் யாரும்மா? ஒண்ணே ஒண்ணுதான் தைக்கச் சொன்னது. வா, வா."

"எனக்குதாண்ணா. கூடாரம் மாதிரி இருக்குது, மழ வந்தா நாலு பேரு ஒதுங்கலாம்" என்று மஞ்சுளாவே சிரித்துக்கொண்டு போய் வாங்கினாள். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை யாரும் சந்தேகப்படவில்லை.

அதற்குப் பிறகுதான் விரதம் தொடங்கியது. முதலில் செவ்வாய்க்கிழமை முருகனுக்கு. பிறகு வெள்ளி அம்மனுக்கு. சனி பெருமாளுக்கு. நடுவில் சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம், சதுர்த்தி எது வந்தாலும் விடமாட்டாள். மற்ற பெண்கள் அவளைச் "சாமிப் பொண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் விடுதியில் கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு பூஜை அறை உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிச் சர்க்கரைப் பொங்கல் படைப்போம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று எனக்கும் மனம் நிறைந்து, அவளையே விளக்கேற்றச் சொன்னேன். வாரம் தவறாமல் ஏற்றினாள். உடம்பு மெலிந்தது. பார்த்தவர்கள் எல்லாம், "விரதம் இருந்து முகத்துல என்ன ஒரு களை!" என்றார்கள்.

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உறுத்தியது. விரதம் இருக்கிறவள் மனம் சாமியிடம் இருக்க வேண்டும். இவள் மனம் அடுப்பில் இருந்தது. செல்போனில் எப்போது பார்த்தாலும் பிரியாணி செய்வதையும் பரோட்டா வீசுவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பாட்டு நேரத்தில் தட்டு எடுக்கமாட்டாள். ஆனால் கரண்டியை வாங்கி எல்லோருக்கும் பரிமாறுவாள். யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கண் கொட்டாமல் பார்ப்பாள். "உனக்கு?" என்றால், "பசிக்கலக்கா" என்பாள். பசிக்காதவளுக்கு அடுக்களையில் என்ன வேலை?

ஒரு சனிக்கிழமை காலை சமையல்கார கெம்பம்மா என்னைக் கூப்பிட்டாள். தளிப் பக்கத்துப் பெண். பாதி தமிழ், பாதி கன்னடம். "அக்கா, மிஞ்சின பொங்கல எடுத்து வச்சேன். பாத்திரே காலி. தேவரு சாப்ட்டாரா, கோத்தி சாப்ட்டுதா?"

தேவரு என்றால் அவர்கள் பேச்சில் சாமி, கோத்தி என்றால் குரங்கு. "ஜன்னல் வழியா வந்திருக்கும்" என்றேன்.

"கோத்தி தின்னுட்டு மூடிய இப்படி நேரா மூடி வைக்குமா? பாத்திரத்த கழுவி வேற கவுத்திருக்கு. அந்தக் கோத்தி கிடைச்சா சொல்லுங்கக்கா, நான் சமையலுக்கு வச்சுக்கறேன்."

அன்று சிரித்துவிட்டேன். ஆனால் அடுத்தடுத்த வாரங்களிலும் பொங்கல் போனது. அதற்குள் மஞ்சுளாவோடு அறையில் இருந்த இசக்கி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், துணி காயப்போடும் மாடியில் என்னைத் தனியாகப் பிடித்தாள். "ஏக்கா, ஒரு சங்கதி. நான் சொன்னேன்னு சொல்லிப்புடாதிய. மஞ்சு குளிக்கப் போனா கொழாயத் தொறந்து விட்டுட்டு வாந்தி எடுக்கா. என் காதால கேட்டேன்."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளாத்தான் கேக்கேன். கேட்டா பித்தங்கா."

இப்போது அந்தப் பூஜை அறை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நாளில் பெண்கள் உள்ளே வரமாட்டார்கள். மாடிப்படிப் பக்கம் விலகி நின்று அங்கிருந்தே கும்பிடுவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்காமலே, எவள் எந்த வெள்ளிக்கிழமை படியோரம் நிற்கிறாள் என்பது வார்டன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இசக்கி சொன்ன அன்று நான் மனசுக்குள் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு மாதம் வெள்ளிக்கிழமையில் படாமல் தப்பலாம். இரண்டு மாதம்கூடத் தப்பலாம். மஞ்சுளா எத்தனையோ மாதமாக எந்த வெள்ளிக்கிழமையும் படியோரம் நிற்கவே இல்லை.

வாந்தி. மாதவிலக்கு இல்லை. தங்கச்சிகளே, உங்கள் மனம் எங்கே போகிறதோ அங்கேதான் என் மனமும் போனது. அன்று முதல் அவள் போன் பேசினால் காது கொடுத்தேன். ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கினால் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தேன். வயிற்றைப் பார்த்தேன், முதுகோடு ஒட்டியிருந்தது. எவனும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதே எனக்கு மேலும் சந்தேகமாக இருந்தது.

அந்த வாரமே அவள் வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தாள். வேனில் கொண்டுவந்து விடுதியில் படுக்க வைத்தார்கள். பின்னாலேயே கம்பெனி அட்மின் சார் போனில் வந்தார். வாந்தி விஷயம் அதற்குள் அவர் வரைக்கும் போயிருந்தது.

"மேடம், எனக்கும் வீட்டுல பொண்ணுங்க இருக்குது. சொல்லாமலே புரியுது. சாயங்காலத்துக்குள்ள அவங்கப்பாவ வரச் சொல்லி அனுப்பி வச்சுடுங்க. நம்ம இடத்துல நடந்ததா பேரு வேணாம்."

"டாக்டர்கிட்ட காட்டிடலாமே சார்."

"எதுக்கு? காட்டினா ரிப்போர்ட் வரும். ரிப்போர்ட் வந்தா பேச்சு வரும்."

போனை வைத்துவிட்டு அவள் அப்பா நம்பரை எடுத்தேன். அழுத்தவில்லை. அந்த மனுஷன் கல்லாவியிலிருந்து பஸ்ஸில் வருவதற்குள் மனசுக்குள் எல்லாம் முடிவாகிவிடும். மகளிடம் ஒரு கேள்வி கேட்கமாட்டார். வேலை போகும், பேர் போகும், யாராவது ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுப்பார்கள். அவள் குற்றவாளி என்றாலும் இதுதான், இல்லை என்றாலும் இதுதான்.

கட்டிலில் கிடந்தவளின் கையைப் பிடித்தேன். வெயில் நாளில் ஐஸ் போலச் சில்லிட்டிருந்தது. முழங்கை வரை, பிறந்த குழந்தைக்கு இருப்பது போலப் பூனைமயிர். விரல் முட்டிகளின் மேலே பல் பட்டுக் காய்ப்புக் காய்த்த தழும்பு. நானும் இரண்டு பெற்றவள். மாசமான உடம்பு இப்படி இருக்காது. வேறு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் சந்தேகம் அந்த இடத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. அப்பாவுக்குப் போன் செய்யவில்லை. ஆட்டோவுக்குச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நாடி பார்த்தார், ஊசி போட்டு ரத்தம் எடுத்தார், என்னை வெளியே இருக்கச் சொன்னார். ரொம்ப நேரம் கழித்துக் கூப்பிட்டபோது நான் முதலில் கேட்டது, "அதுவா டாக்டர்?" என்றுதான்.

"அத அவகிட்ட கேட்டுட்டுதாம்மா நான் உங்ககிட்ட சொல்ல முடியும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மறைக்கிறார் என்றால் அதுதான். கட்டிலில் இருந்த மஞ்சுளா, "சொல்லுங்க டாக்டர். அக்கா எப்படியும் வேற எதையாச்சும் நெனச்சுக்குவாங்க" என்றாள். அந்த நிலைமையிலும் வாய் குறையவில்லை.

"கர்ப்பம் இல்ல" என்றார் டாக்டர். "பட்டினி. பட்டினியும், தின்னத வெளிய எடுக்கறதும். உண்ணுதல் கோளாறுனு சொல்லுவோம். வாந்தியில பொட்டாசியம் எல்லாம் போயி, ஹார்ட் தப்புத்தப்பா துடிக்குது. இன்னிக்கு கூட்டிட்டு வந்தீங்க. ஊருக்கு பஸ் ஏத்தி விட்டிருந்தா வழியிலேயே எது வேணா ஆயிருக்கும்."

பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் கேட்டேன். "பட்டினின்னா பசிக்கும்ல? இவ பசிக்கவே இல்லங்கறாளே. பொய்தான?"

அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வயிறு காலியானால் கிரெலின் என்று ஒரு ஹார்மோனை ரத்தத்தில் விடுமாம். சாப்பிடு, சாப்பிடு என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. இப்படிப் பட்டினி கிடக்கிற பெண்களுக்கு அது குறைவாக இருக்காதாம், அதிகமாகத்தான் இருக்குமாம். லெப்டின் என்று இன்னொன்று. அது உடம்பின் கொழுப்பிலிருந்து வருவது, கையிருப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது. உடம்பு வற்றினால் அதுவும் வற்றிவிடும். அது வற்றினால், இந்த உடம்பு ஒரு பிள்ளையைத் தாங்காது என்று மூளை கணக்குப் போட்டு மாதவிலக்கையும் நிறுத்திவிடுமாம்.

"உங்க பக்கத்து கம்பெனில ஷிப்ட் சங்கு ஊதறாங்கல்ல, உங்களுக்கு இப்ப கேக்குதா?" என்றார்.

"வந்த புதுசுல தூக்கிப் போடும். இப்ப ஊதினதே தெரியறதில்ல."

"அவளுக்கும் அப்படித்தான் கொஞ்சம். உள்ள சங்கு முன்னவிட பலமா ஊதுது. அவ கேக்காம இருக்கப் பழகிட்டா. ஆனா மூளை சும்மா விடாது. அதான் எந்நேரமும் சாப்பாட்ட பத்தியே நெனப்பு, அடுப்படியிலேயே நிக்கறது. ஒருநாள் தாங்க முடியாம விழுந்து தின்னா, போதும்னு சொல்ற ஹார்மோனும் சில பேருக்கு சரியா வேலை செய்யாது. அப்புறம் பயம், வாந்தி. ஹார்மோன் மட்டும் காரணம்னும் சொல்ல மாட்டேன். மனசும் இருக்கு. நாங்களும் முழுசா கண்டுபிடிக்கல."

"அப்ப அந்த ஹார்மோன டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமே." அவள் பொய் சொல்கிறாளா என்று தெரிந்துவிடும் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

"ஆராய்ச்சிக்குத்தான் அத பாப்பாங்கம்மா. வைத்தியத்துக்குத் தேவையில்ல. அவ பொய் சொல்றாளானு கண்டுபிடிக்க எங்கிட்ட மெஷினும் இல்ல" என்று சிரித்தார்.

டாக்டர் போனபிறகு மஞ்சுளா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். "பொங்கல் நான்தான்கா" என்றாள்.

"தெரியும். கோத்திக்கு பாத்திரம் கழுவத் தெரியாது."

அவள் சிரிக்கவில்லை. "தின்னுட்டு வாந்தி எடுத்துட்டேன்கா. அம்மனுக்கு படைச்சது. பிரசாதத்த போயி... அந்தப் பாவம் தீரணும்னு மறுபடி விரதம் இருப்பேன். மூணு வேளையும் விட்டா கை நடுங்கும். அந்த நடுக்கத்துல வெள்ளிக்கிழமை மறுபடி பாத்திரத்துகிட்ட போயிடுவேன். எங்கிருந்து வெளிய வர்றதுன்னே தெரியலக்கா."

சாமி கும்பிடுகிற நமக்கு இது நெஞ்சில் அறைகிற சொல். நானும் விரதம் இருக்கிறவள்தான், இன்றும் இருக்கிறேன். ஆனால் விரதத்துக்குள் நோய் ஒளிந்துகொண்டால் யாருமே கதவைத் தட்டமாட்டார்கள். குடிக்கிறவனைக் கேட்போம். ஊர் சுற்றுகிறவளைக் கேட்போம். பட்டினி கிடந்து சாமி கும்பிடுகிறவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவோம்.

அட்மின் சார் மறுபடி கூப்பிட்டார். "ரத்தத்துல உப்புச் சத்து கொறஞ்சிருச்சாம் சார். ஆஸ்பத்திரில இருக்கணும். லீவு போடுங்க."

"வேற ஒண்ணும் இல்லையே மேடம்?"

"நீங்க நெனைக்கறது இல்ல சார். இருந்திருந்தாலும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டேன்."

போனை வைத்தார். பிறகு லீவு போட்டார்.

அப்பாவுக்கு மஞ்சுளாவே போன் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்து இறங்கி, மகளைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மறைக்காதீங்கம்மா. ஊர்ல நான் தல காட்டணும்."

"உங்க பொண்ணு பட்டினி கெடந்திருக்குதுங்க. அவ்வளவுதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாப்பாட்டுக்கோசரம் மாசா மாசம் சம்பளத்துல புடிக்கிறீங்களே, ஆஸ்டல்ல சோறு போடறது இல்லியா?"

சந்தேகப்படுவது நம் தொழில் மட்டும் இல்லை பாருங்கள். டாக்டர் உட்கார்த்தி வைத்துப் பேசித்தான் அவருக்குப் புரிய வைத்தார். வீட்டுக்கே கூட்டிப் போகிறேன் என்றார். வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டும், மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும், கல்லாவியிலிருந்து முடியாது என்று டாக்டர் சொன்னதும், மகள் தலையைத் தடவிவிட்டு மாம்பழப் பையை என்னிடம் கொடுத்தார். "நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே போனார்.

விடுதிக்குத் திரும்பிய அன்று மஞ்சுளா என்னைக் கேட்டாள். "விரதத்த நிறுத்தினா சாமி குத்தம் ஆயிடாதாக்கா?"

டாக்டரிடம் கேட்க முடியாத கேள்வி அது. நான் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை வைத்தேன். "தாயே, இவ விரதம் எல்லாத்தையும் இதுல முடிஞ்சு வைக்கறேன். உடம்பு தேறினப்புறம் வேணும்னா நீயே கேட்டு வாங்கிக்க" என்று சொல்லி முடிச்சுப் போட்டேன். வேண்டுதலைத் தள்ளி வைக்க நம் வீடுகளில் செய்கிற வழக்கம்தான். அதைப் பார்த்த பிறகுதான் அவள் தட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் நாளே நான் நெய் ஊற்றிப் பிசையப் போனேன். டாக்டர் வேண்டாம் என்று சொன்னது நினைவு வந்து நிறுத்தினேன், காய்ந்த உடம்பில் திடீரென்று நிறையப் போனால் இதயத்துக்கே ஆபத்தாம். கொஞ்சம் கொஞ்சமாக, அவர்கள் சொன்ன அளவில். பசி ஹார்மோன் பழைய ஒழுங்குக்கு வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பசியை நம்பாதே, கடிகாரத்தை நம்பு என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்: இப்படி ஒரு பெண்ணை "பசிக்குதா?" என்று கேட்காதீர்கள். "மெலிஞ்சுட்டியே", "தேறிட்டியே" இரண்டும் வேண்டாம். நேரமானால் தட்டை வையுங்கள். எதிரே நீங்களும் ஒரு தட்டோடு உட்காருங்கள். சாப்பிட்டபின் கொஞ்ச நேரம் குளியலறைப் பக்கம் போகவிடாமல் பேச்சுக் கொடுங்கள். நல்ல நாளும் வரும், தட்டைத் தள்ளிவிடுகிற நாளும் வரும். ஒருநாள் சட்னிக்குள் இட்லியைப் புதைத்து வைத்துச் சாப்பிட்டதாகச் சொன்னாள். நான் கரண்டியால் கிளறினேன்.

"போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்கா நீங்க."

"தின்னு."

சீருடை அளவைக் கத்திக் கூப்பிடும் வழக்கத்தை நான் எங்கள் ஹாலில் நிறுத்தினேன். பெயர் எழுதிக் கட்டிலில் வைத்துவிடச் சொன்னேன். ஸ்டோர்க்காரர் முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும்.

இப்படியே மாதங்கள் போயின. மஞ்சுளா வேலைக்குத் திரும்பினாள். வெள்ளிக்கிழமை விளக்கை அவளே ஏற்றினாள். அவள் ஏற்றும்போதெல்லாம் மாதவிலக்கு நின்ற மாதங்களை மனசுக்குள் எண்ணுவேன். இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் கூடிவிட்டார்கள். கெம்பம்மா பொங்கல் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். மஞ்சுளாவைக் காணோம். என் புத்தி உடனே குளியலறைக்குத்தான் ஓடியது. திரும்பினால், மாடிப்படியோரம் நின்றிருந்தாள்.

"என்னமே அங்க நிக்கற? வந்து விளக்கேத்து."

"இன்னிக்கு நான் வரக்கூடாதுக்கா."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் என்ன செய்திருக்க வேண்டும்? நான் கேட்டது, "நெஜமாவா?"

டாக்டரை ஏமாற்ற, என்னைச் சந்தோஷப்படுத்த, எதற்காகவும் அவள் சொல்லக்கூடும் என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

மஞ்சுளா தலையில் அடித்துக்கொண்டாள். "இதையுமாக்கா சந்தேகப்படுவீங்க? போயி கடையில நாப்கின் நீங்களே வாங்கியாந்து குடுங்க. எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. வெச்சுக்கற பழக்கமே உட்டுப்போச்சு."

சின்ன வயதிலிருந்து அந்த நாளைத் தீட்டு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அந்த வழக்கத்தை நான் உடைக்கவில்லை. விளக்கை இசக்கியை ஏற்றச் சொன்னேன். ஆனால் கற்பூரம் காட்டி முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு பூஜை அறையை விட்டு இறங்கி, படியோரம் போய் அவள் முன்னால் நீட்டினேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஒரு கை பொங்கல் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே தின்றாள். விரலை நக்கிவிட்டு, "கெம்பம்மாக்கா, இன்னும் கொஞ்சம் நெய் விட்டிருக்கலாம்" என்று குரல் கொடுத்தாள்.

"கோத்திக்கு நெய் வேற கேக்குது!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அன்று மஞ்சுளா சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

அந்த மஞ்சள் முடிச்சு என் வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது. இதுவரை அம்மன் கேட்கவில்லை, நானும் அவிழ்க்கவில்லை.

தங்கச்சிகளே, விடுதியில் ஒரு பேச்சு மேல் மாடியிலிருந்து கீழே வருவதற்குள் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும். இவள் வாந்தி படியிறங்கி அட்மின் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் வயிற்றில் பிள்ளையாகிவிட்டது. இதையும் நீங்கள் பத்துப் பேரிடம் சொல்லுங்கள், சொல்ல வேண்டும். ஆனால் ஒருவனைப் புதிதாகச் சேர்க்காதீர்கள், ஒரு அற்புதத்தைச் சேர்க்காதீர்கள், பொங்கல் பாத்திரத்தை எடுத்துவிடாதீர்கள். அவள் என்னிடம் கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல், அப்படியே சொல்லுங்கள்.